ஜெசி அணைக்காமல் விட்டுப்போன கம்ப்யூட்டர்

லாரன்சு,

நீ அனுப்பிய லேப்டாப் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரிக்கவில்லை. பீரோவுக்கு மேலே, உன் அப்பா துறைமுகத்துக்குப் போட்டுக்கொண்டு போன மஞ்சள் தொப்பிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை அதில் எழுதவில்லை. உன் தங்கச்சியின் பழைய கம்ப்யூட்டரில், ஒற்றை விரலால், எழுத்தைத் தேடித் தேடி எழுதுகிறேன். காலையில் காசிமேட்டு ஷெட்டில் இறால் உரித்துவிட்டு வந்து, குளித்து, மீன் வாடை போகக் கையைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டு உட்காருகிறேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் கூடத் தேறாது. ஐந்தாவது வரை படித்தவளுக்கு இது போதும்.

உனக்குக் கல்யாணம். சந்தோஷம்தான். தூத்துக்குடியில் பெண் வீட்டார் மண்டபம் பார்த்துவிட்டார்கள், கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்தாயிற்று. பெண் நல்ல பெண். போன் செய்தால், ‘சாப்டீங்களா அத்தை’ என்று கேட்கிறாள். கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிறாள். அந்தப் பழக்கத்தை உனக்கும் கொஞ்சம் கற்றுக் கொடுப்பாள் என்று நம்புகிறேன். ஜெர்மனியிலிருந்து வருகிற விமானம் உன்னை மீனம்பாக்கத்தில் இறக்கிவிடுகிறது. அங்கிருந்தே இன்னொரு விமானம் ஏறித் தூத்துக்குடி போகிறாய். நடுவில் நான்கு மணி நேரம் இருக்கிறது, வீட்டுக்கு ஒரு எட்டு வந்துவிட்டுப் போயேன் என்று கேட்டேன். ‘நாலு மணி நேரத்துல திருவொற்றியூர் வந்துட்டுத் திரும்ப முடியாதும்மா. எக்ஸ்பிரஸ் ரோட்ல கன்டெய்னர் நிக்கிறது உனக்குத் தெரியாதா? நீ நேரா தூத்துக்குடி வந்துடு’ என்றாய். தெரியும் லாரன்சு. அந்தக் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில்தான், ஆட்டோவில் உன் தங்கச்சியை மடியில் சாய்த்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கல்யாணத்துக்கு வருவேன். அதில் சந்தேகம் வேண்டாம். உன் அப்பா இல்லாத இடத்தில் நான்தான் நின்று உன் நெற்றியில் சிலுவை போட வேண்டும். போடுவேன். ஆனால் கல்யாணம் ஆகப்போகிற மகனுக்குத் தாய் நாலு புத்தி சொல்ல வேண்டும் அல்லவா? என்னிடம் நாலு இல்லை. ஒன்றுதான் இருக்கிறது. அதைச் சொல்ல, இந்தக் கம்ப்யூட்டரின் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். பாதி உனக்குத் தெரியும். மீதியைத் தெரிந்துகொள்ள நீ கேட்கவே இல்லை.

இதை உன் அப்பா வாங்கி வந்தது உன் படிப்புக்காக. துறைமுகத்தில் சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டிக் காய்த்துப்போன கையால், குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார். ஜெசிக்கு அப்போது பன்னிரண்டு வயது. நீ காலேஜுக்குப் போன நேரத்தில் அவள் ஆசையாக அதன் முன்னால் போய் உட்கார்ந்தாள். நான் கரண்டியால் அவள் கையில் அடித்தேன். ‘அண்ணன் படிக்கிற பொருளுடி, கெடுத்துடாத’ என்றேன். கன்றிப்போய் நாலு நாள் இருந்தது அந்தக் கை. நீ பெங்களூர் போய், அப்புறம் ஜெர்மனி போன பிறகுதான் கம்ப்யூட்டர் அவளுக்கு வந்தது. மூத்தவன் போட்டுக் கழித்த சட்டை மாதிரி. அதற்குள் அது கிழடாகிவிட்டது. போட்டால் எழுந்திருக்கவே அரை மணி. எழுந்த பிறகு நீலமாக ஒரு திரை வந்து செத்துப்போகும். அவளோ காலடிப்பேட்டையில் பாஷா பாய் வைத்திருக்கிற ஜெராக்ஸ் கடைக்கு மனு, விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை என்று வீட்டிலேயே டைப் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு மூச்சிரைப்பு. கடைக்குப் போய் நாள் முழுக்க உட்கார முடியாது. அதனால் உன்னிடம் ஒரு லேப்டாப் கேட்டாள். ஒரே ஒரு தடவைதான் கேட்டாள்.

நீ போனில் சொன்னதை ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். ‘லேப்டாப்லாம் இன்னாத்துக்கு ஜெசி? லினக்ஸ்னு ஒண்ணு கீது. ஃப்ரீ. நம்ம டப்பாவுல போட்டாக்கூட பறக்கும். பாய் கடையில பென் டிரைவ்ல ஏத்திக் குடுக்கச் சொல்லு. ட்ரையல்ல ஓட்டிக்கினு இரு. இன்ஸ்டால் மட்டும் குடுத்துடாத, இன்னா? அப்பா போட்டோ எல்லாம் அந்த டிஸ்க்லதான் கீது, மொத்தமா தொடச்சுடும். டிசம்பர்ல வரேன்ல, நானே வந்து போட்டுத் தரேன்.’ அவளும் சரிண்ணா என்றாள். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். ‘ஃப்ரீன்னு சொன்னவொடனே குரல்ல இன்னா சந்தோசம் பாத்தியா உம் புள்ளைக்கு’ என்றாள்.

முதல் தடவை அதைப் போட்ட அன்று நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கட்டைவிரல் அளவு குச்சி அது. சொருகினாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மழை மாதிரி ஓடியது. ‘ஐயய்யோ, இன்னாடி பண்ண, வெடிச்சுடப் போவுது’ என்று எழுந்துவிட்டேன். ‘சும்மா கெடம்மா, இது வேற ஆளு. எழுந்திரிக்கும்போது இப்படித்தான் மொணமொணன்னு பேசிக்கினே எழுந்திரிக்கும்’ என்றாள். கம்ப்யூட்டரைத் தூக்கி நிறுத்துகிற அடிச்சாமான் ஒன்று உண்டாம். ஊரில் எல்லோரும் வைத்திருப்பது ஒரு கம்பெனியுடையது. இது யாருடையதும் இல்லையாம், பல ஊர் ஆட்கள் சேர்ந்து செய்து சும்மா கொடுத்ததாம். பிறகு ஒரு படம் வந்தது. அதில் ஒரு நீளப் பட்டியல், உலகத்தில் உள்ள பாஷையெல்லாம். ஜெசி கீழே கீழே போய் ஒன்றை அமுக்கினாள். திரை முழுக்கத் தமிழாக மாறியது. லாரன்சு, அத்தனை வருஷம் அந்தப் பொருள் நம் வீட்டில் இருந்தது. நான் துடைத்திருக்கிறேன், துணி போர்த்தியிருக்கிறேன், மழை ஒழுகினால் குடை பிடித்திருக்கிறேன். அதில் எழுதியிருந்ததை நான் படித்தது அன்றைக்குத்தான். கோப்புகள். அமைப்புகள். வெளியேறு. ஓரத்தில் ஒரு படத்துக்கு அடியில் குப்பைத்தொட்டி என்று இருந்தது. ‘வெளிய கீற குப்ப பத்தலியா, இதுக்குள்ள வேற ஒண்ணா’ என்றேன். சிரித்ததில் அவளுக்கு இருமல் வந்து, தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவிவிட்டேன்.

நடுவில் இரண்டு கட்டம் இருந்தது. ஒன்றில் ‘முயன்று பார்’, இன்னொன்றில் ‘நிறுவு’. நிறுவு என்றால் என்ன என்று கேட்டேன். ‘குடி வெக்கிறதும்மா. டிஸ்க்ல குடி வெச்சுட்டா அப்புறம் அங்கியே இருக்கும். ஏற்கெனவே இருந்தவங்களக் காலி பண்ணிட்டு உக்காரும்’ என்றாள். அப்போ இது? ‘இது விருந்தாளி. குச்சியில வரும், நாம சொல்ற வேலைய செய்யும். ஆஃப் பண்ணா கெளம்பிடும். நீ யாரு, நான் யாரு, இங்க இன்னா எழுதினோம், ஒண்ணும் ஞாபகம் இருக்காது.’ உண்மைதான். அப்புறம் தினமும் காலையில் அவள் அந்தப் பட்டியலில் கீழே போய்த் தமிழைத் தேடி அமுக்குவாள். நேற்று அமுக்கினது அதற்குத் தெரியாது. டைப் அடித்ததையெல்லாம் சாயங்காலம் இன்னொரு குச்சியில் ஏற்றிக்கொண்டுதான் அணைக்க வேண்டும். மதியம் நான் ஷெட்டிலிருந்து வந்தால், கொஞ்ச நேரம் என்னை உட்காரவைத்து எழுத்து அடிக்கப் பழக்குவாள். இறால் முள் குத்திக் குத்தி விரல் நுனியெல்லாம் மரத்துப் போயிருக்கும். ஒரு ‘அ’ அடித்தால் பத்து ‘அ’ விழும். ‘இன்னாம்மா, யாரையாவது கூப்புடுறியா’ என்பாள்.

அது மறக்கும் என்பது எனக்குப் புத்தியில் உறைத்தது ஒரு மத்தியானம். நம் பகுதியில் பிறந்தவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பக்கத்துக் கம்பெனிகளிலிருந்து கேஸ் நாற்றம் வந்து கண் எரிந்தால், அடுப்பை அணை, கரண்டு மெயினை இறக்கு, ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு வெளியே வா. அப்படித்தான் அன்றைக்கு நாற்றம் வந்ததும் தெருவே செய்தது. நானும் ஓடிப்போய் மெயினை இறக்கினேன். ஜெசி அன்று காலையிலிருந்து தெருக்காரர்கள் கொடுக்கப்போகிற மனுவைத்தான் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். அந்த நாற்றத்தைப் பற்றிய மனு. மொத்தமாகப் போயிற்று. வாசலில் மூக்கில் துணியோடு நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள். ‘யம்மா, ஒரு வார்த்த சொல்லிட்டு எறக்கக் கூடாதா?’ அவ்வளவுதான் சொன்னாள். மறுநாள் முதல் வரியிலிருந்து திரும்ப அடித்தாள். பாஷா பாய் கேள்விப்பட்டு, ஒரு பழைய யூ.பி.எஸ். பெட்டியைக் கொண்டுவந்து ப்ளக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் வைத்துவிட்டுப் போனார். ‘கரண்டு போனா பத்து நிமிசம் தாங்கும்மா. அந்தப் பத்து நிமிசமும் கத்திக்கினே இருக்கும். கத்துதுன்னா, கீறத குச்சில ஏத்திக்கோன்னு அர்த்தம்’ என்றார். அதை நினைவில் வைத்துக்கொள். பின்னால் வரும்.

ஜெசி என்னிடம் எத்தனை தடவை கேட்டாள் தெரியுமா? ‘நானே போட்டுடறேம்மா. அப்பா போட்டோ எல்லாத்தையும் மொதல்ல காப்பி எடுத்து வெச்சுட்டு, அப்புறம் நிறுவிடலாம். ஒண்ணும் ஆவாது.’ நான் விடவில்லை. ‘அவன் படிச்சவன். அவன் வந்து போடறேன்னு சொல்லிக்கீறான். நீ கைய வெச்சு அப்பா மூஞ்சி போயிடுச்சின்னா எங்க போயித் தேடுவேன்’ என்றேன். அன்று கரண்டி மட்டும்தான் கையில் இல்லை. டிசம்பர் வந்தது. நீ வரவில்லை, வேலை. அடுத்த டிசம்பர் வந்தது. அப்போதும் வரவில்லை, வீடு மாற்றுகிறாய். மூன்றாவது டிசம்பருக்கு அவள் இல்லை. ஒவ்வொரு தடவையும் ‘நான் வந்து போட்டுத் தரேன்’ என்றுதான் சொன்னாய். ஒரு தடவைகூட ‘என்னால் முடியாது, நீயே போட்டுக்கொள்’ என்று சொல்லவில்லை. நான் சொல்ல வந்த ஒரே புத்தி இதுதான். உன் பெண்டாட்டியிடம் ‘நான் வந்து செய்கிறேன்’ என்று சொல்லாதே. செய்ய முடிந்தால் செய். முடியாவிட்டால் முடியாது என்று வாயைத் திறந்து சொல்லிவிடு. அவள் தன் கையால் செய்துகொண்டு போய்விடுவாள். இரண்டும் இல்லாமல் ஒருத்தியை மூன்று வருஷம் முயன்று பார்க்கவே விடுகிறது இருக்கிறதே, அது பாவம். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. நான்தான் உன் வார்த்தைக்குக் காவல் இருந்தேன்.

என் பங்கு இன்னும் இருக்கிறது. ஆடி மாதத்திலிருந்தே அவளுக்கு மூச்சு மோசமாகிவிட்டது. நீ கேட்டபோதெல்லாம், ‘சளிதாண்டா, மழைக்காலம் போனா சரியாயிடும்’ என்று பொய் சொன்னேன். தூர தேசத்தில் இருக்கிற பிள்ளை, வேலையைப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். அவள் கட்டிலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஐப்பசி மழையில் உதடு நீலம் பாரித்த பிறகுதான் உன்னிடம் நிஜத்தைச் சொன்னேன். நீ அழுதாய். டிக்கெட் பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடுகிறேன் என்றாய். அதைக் கேட்டுவிட்டு அவள் எழுந்து உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரைப் போடச் சொன்னாள்.

ஐந்து நாள் எழுதினாள். பத்து வரி எழுதினால் படுத்துவிடுவாள். இரைப்பு தணிந்ததும் திரும்ப எழுந்து பத்து வரி. என்னடி எழுதுற என்று கேட்டேன். ‘அண்ணனுக்கு.’ நான் படிக்கலாமா? ‘உன் பேரா போட்டிருக்கு?’ என்று கண்ணை உருட்டினாள். அந்த ஐந்து நாளும் கம்ப்யூட்டரை அணைக்கவே இல்லை. சுவிட்சுக்கு மேலே ஒரு காகிதம் ஒட்டினாள், ‘அணைக்காதே’ என்று. எனக்குப் பயமாக இருந்தது. மழைக்காலம், கரண்டு போகும், பாயைக் கூப்பிட்டுக் குச்சியில் ஏற்றி வைத்துவிடலாமே என்றேன். அப்போது அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ‘குச்சியில ஏத்தினா, அனுப்பும்மான்னு சொல்லுவான். அனுப்பினா ஒரு கட்டைவிரல் படம் போட்டுட்டுப் போயிடுவான். வேணாம். வந்து, இந்த ஸ்டூல்ல உக்காந்து, படிக்கட்டும். ஞாயித்துக்கிழமதானே, அதுவரைக்கும் தாங்கும்.’ எதைத் தாங்கும் என்று சொன்னாளோ தெரியவில்லை. வியாழக்கிழமை ஆட்டோவில் ஏற்றும்போதும் அதைத்தான் சொன்னாள், ‘அணைக்காதம்மா’ என்று. சனிக்கிழமை காலையில் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நீ போனில், ‘நான் வந்துகிட்டே இருக்கேம்மா, திங்கக்கிழமை காலையில வந்துடுவேன், மூஞ்சியப் பாக்காம எடுத்துடாதீங்க’ என்று கதறினாய். எடுக்கமாட்டேன் என்று சொன்னேன். ஐஸ் பெட்டிக்குச் சொல்லி அனுப்பினோம். பெட்டிக்காரர் வந்து முன்னறையைச் சுற்றிப் பார்த்தார். ‘ப்ளக்கு எங்கம்மா கீது?’ நம் வீட்டில் ப்ளக் பாயின்ட் இரண்டு என்பது உனக்கு மறந்திருக்காது. ஒன்று சமையல் மேடையில், தொட்டால் ஷாக் அடிக்கிறது. இன்னொன்று முன்னறையில், ‘அணைக்காதே’ என்று காகிதம் ஒட்டினது. எக்ஸ்டென்ஷன் போட முடியாதா என்று கேட்டேன். ‘ரெண்டு நாளு ஓடணும்னு சொல்றீங்க. எக்ஸ்டென்சன்லாம் தாங்காதும்மா, உருகிடும். நேரா ப்ளக்குலதான் குடுக்கணும். சீக்கிரம் சொல்லுங்க, வெயிலு ஏறுது’ என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காகிதம் ஒட்டினவள் பாயில் கிடந்தாள். நான்தான் எழுந்துபோய்ப் பிடுங்கினேன். வேறு யாரும் இல்லை. இந்தக் கையால்தான். நீ வந்து அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காக.

யூ.பி.எஸ். கத்த ஆரம்பித்தது. பத்து நிமிஷம். லாரன்சு, எனக்கு அது என்ன சத்தம் என்று தெரியும். அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். பாய்க்கு ஆள் போயிருந்தது, அவர் தண்டையார்பேட்டையில் இருந்தார். நான் ஜெசியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். கம்ப்யூட்டர் எட்டடி தூரத்தில். திரையில் அவள் எழுதினது அப்படியே இருந்தது. வெள்ளையில் கறுப்பு எறும்பு வரிசை மாதிரி. மேலே பெரிதாக இருந்த முதல் சொல் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. ‘அண்ணா.’ எழுந்து போய்ப் படித்திருக்கலாம். தமிழ்தானே. அவள் எனக்காகத் தினம் தினம் தமிழாக்கி வைத்தது அதற்குத்தானே. பத்து நிமிஷத்தில் எழுத்துக்கூட்டிப் பாதியாவது படித்திருப்பேன். போகவில்லை. பெண் செத்துக் கிடக்கிறாள், இவள் போய் டி.வி. பார்க்கிற மாதிரி கம்ப்யூட்டர் முன்னால் நிற்கிறாள் பார் என்று நாலு பேர் சொல்லுவார்களே என்று இருந்தது. இன்னொன்றும் இருந்தது. உனக்குக் காலேஜிலிருந்து இடம் கிடைத்ததாகத் தபால் வந்த அன்று, சந்தோஷம் தாங்காமல் நான் பிரித்துவிட்டேன், ஞாபகம் இருக்கிறதா? ‘எம் பேரு போட்ட லெட்டர நீ ஏன் பிரிச்ச’ என்று கத்தினாய். ராத்திரி வரை சாப்பிடவில்லை. அன்றிலிருந்து உன் பெயர் போட்ட எதையும் நான் தொட்டதில்லை. அன்றைக்கும் தொடவில்லை. எதிர்வீட்டுக் குமாரி, ‘இன்னாடா அது, கீச்சுக் கீச்சுன்னு, யாராச்சும் நிறுத்தித் தொலைங்களேன்’ என்று அழுகைக்கு நடுவில் எரிந்து விழுந்தாள். யாரும் நிறுத்த வேண்டியிருக்கவில்லை. தானாகவே நின்றது. திரை கறுத்தது. ஐஸ் பெட்டி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

திங்கட்கிழமை காலையில் நீ போன் செய்தாய். உன் விசா பேப்பர் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறாய், இப்போது நாட்டை விட்டுப் போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்களாம், வக்கீல் சொல்லிவிட்டாராம். டிக்கெட் பார்க்கும்போதே தெரியாதா என்று நான் கேட்கவில்லை. வீடியோ போடச் சொன்னாய். குமாரி போனைப் பிடித்துக்கொண்டு பெட்டியைச் சுற்றி வந்தாள். நீ பார்த்தாய். கண்ணாடியில் வெளிச்சம் அடித்ததால் முகம் சரியாகத் தெரியவில்லை என்று அப்புறம் சொன்னாய்.

அதை நான் மன்னித்தேன் என்றே வைத்துக்கொள். சட்டம் என்னவோ எனக்குத் தெரியாது. ஆனால் முப்பதாம் நாள் பூசை முடிந்து, அவள் உனக்கு எழுதி வைத்திருந்ததையும் அது போன விதத்தையும் போனில் சொல்லி நான் அழுதபோது, உன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்ன? ‘பேக்கப் எடுக்கலியாம்மா?’ நான் போனை வைத்துவிட்டேன். லைன் கட்டாகிவிட்டது என்று நீ நினைத்துக்கொண்டாய்.

வருஷப் பூசை போன மாதம் முடிந்தது. அதற்கு நீ வரவில்லை. இப்போது உன் பேப்பர் வந்துவிட்டது, கல்யாணத்துக்கு மூன்று வாரம் லீவும் வந்துவிட்டது. லேப்டாப்பும் வந்துவிட்டது. அவள் கேட்டபோது வராதது எல்லாம் வரிசையாக வருகிறது. பெட்டியைக் கையெழுத்துப் போட்டு வாங்கி பீரோ மேல் வைத்துவிட்டு, நான் நேராகப் பாஷா பாய் கடைக்குப் போனேன். ‘பாய், அந்தக் குச்சியக் குடுங்க. குடி வெக்கணும்’ என்றேன். கடையைச் சாத்திவிட்டுக் கூடவே வந்தார். முதலில் உன் அப்பா படங்களை எடுத்தார். வின்ச் மேல் நிற்கிற படம், வெள்ளைச் சட்டையில் கோயிலில் நீ புதுநன்மை வாங்குகிற படம், ஜெசி பல் விழுந்து சிரிக்கிற படம். எல்லாம் இன்னொரு குச்சிக்குப் போக எவ்வளவு நேரம் ஆயிற்று தெரியுமா? நான் டீ போட்டேன், அவர் குடித்து முடித்தார். அவ்வளவுதான். ‘இத்தச் செய்யவா பாய் அவன் வரணும்னு மூணு வருசம் காத்துக்கினு இருந்தோம்?’ என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். ‘பாப்பாவுக்கு இது தெரியும்மா. என் கடைக்கு வந்தவங்க நாலு பேருக்கு அதுதான் போட்டுக் குடுத்துச்சு. உன் வூட்ல ஏன் பாப்பா போடலன்னு கேட்டேன். எங்கம்மாவுக்கு எங்கண்ணன்தான் போடணும் பாய்ன்னு சிரிச்சுச்சு.’

பாய் போடுகிறேன் என்றார். வேண்டாம் என்று நானே உட்கார்ந்தேன். குச்சியைச் சொருகினேன். எழுத்து மழை ஓடியது. பட்டியல் வந்தது, கீழே கீழே போய்த் தமிழை அமுக்கினேன். இரண்டு கட்டம் வந்தது. மூன்று வருஷம் அவள் அமுக்காமல் விட்டதை அமுக்கினேன். வட்டில், அதாவது டிஸ்க்கில், உள்ள எல்லாம் அழிக்கப்படும், சம்மதமா என்று கேட்டது. அழிவதற்கு இனி என்ன இருக்கிறது? சம்மதம் என்றேன். பெயர் கேட்டது. ‘பாப்பா பேரையே போட்டுடும்மா’ என்றார் பாய். செத்தவள் பெயரில் யாராவது குடி வைப்பார்களா? என் பெயரைப் போட்டேன். தப்பில்லாமல் வந்தது. அணைத்து, குச்சியை எடுத்துவிட்டு, மறுபடி போட்டுப் பார்த்தோம். குச்சி இல்லாமலே எழுந்தது. பட்டியல் வரவில்லை. தமிழிலேயே வந்தது, என் பெயர் சொல்லி வந்தது. ஜெசி அதைப் பார்க்கவில்லை.

அவள் உனக்கு என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியப் போவதில்லை. திட்டினாளா, மன்னித்தாளா, ஏதாவது கேட்டாளா, கரண்டியால் அடிபட்ட கதையை எழுதினாளா? ஐந்து நாள் மூச்சைச் சேர்த்துச் சேர்த்து எழுதினதில் என்னால் உனக்குத் தர முடிந்தது ஒரே ஒரு சொல். ‘அண்ணா.’ அதை வைத்துக்கொள். கல்யாணத்தன்று பீடத்துக்கு முன்னால் நிற்கும்போது, யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தால் திரும்பிப் பார். ஒருவரும் இருக்கமாட்டார்கள். எனக்குத் தினமும் அப்படித்தான்.

இந்தக் கடிதத்தை இந்தக் கம்ப்யூட்டரிலேயே வைத்திருக்கிறேன். ‘மகனுக்கு’ என்று பெயர் வைத்திருக்கிறேன். பாய் ஒரு பிரதி எடுத்துத் தருகிறேன் என்றார். கோயில் பத்திரிகையில் போடுகிறோம் என்று கேட்டிருக்கிறார்கள், தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். குமாரி படிக்கட்டும், ஐஸ் பெட்டிக்காரர் படிக்கட்டும், ஊர் முழுக்கப் படிக்கட்டும். உனக்கு மட்டும் அனுப்பமாட்டேன். வந்து, உன் தங்கச்சி போட்டு வைத்த ஸ்டூலில் உட்கார்ந்து படி. முன்பு மாதிரி இல்லை இது. கரண்டு போனாலும் போகாது, நாற்றம் வந்து மெயினை இறக்கினாலும் போகாது. நாளைக்கு என்னைக் கிடத்த ஐஸ் பெட்டி கொண்டுவந்து, அதற்காக யாராவது இந்த ப்ளக்கைப் பிடுங்கினாலும் இது அப்படியே இருக்கும்.

அதனால் அவசரம் ஒன்றும் இல்லை, ராசா. உனக்கு எப்போது லீவு கிடைக்கிறதோ, அப்போது வா.

அம்மா